மூணு கலர் கார்டு

அமெரிக்கால பிஎச்டி பண்ணின அஞ்சு வருஷத்துல நாலு வருஷம் எனக்கு சோறு போட்டது யூனிவர்சிட்டியோட ஸ்போர்ட்ஸ் டிபார்ட்மெண்ட் தான். ஃபுட்பால் ப்ளேயர்ஸுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸும் அல்ஜீப்ராவும் சொல்லிக் குடுக்கற ட்யூட்டர் வேலை, 2012ல சேர்ந்தேன், ப்ராக்டிஸ் முடிஞ்சு சாப்ட்டுட்டு பசங்க வரும்போது மணி ஏழு ஆயிடும், பத்து மணி வரைக்கும் உக்காந்திருப்போம். எந்த யூனிவர்சிட்டின்னு சொல்ல வேணாம்னு நினைக்கிறேன், பெரிய கான்ஃபரன்ஸ் ஒண்ணுல கடைசி ரெண்டு மூணு இடத்துலயே கிடந்த டீம், அது போதும். கான்ஃபரன்ஸ்னா பத்து பதினஞ்சு யூனிவர்சிட்டிங்க சேர்ந்து தங்களுக்குள்ள லீக் மாதிரி ஆடி டிவி காசை பங்கு போட்டுக்கறது. இங்க ஃபுட்பால்னு சொல்றது ஹெல்மெட் போட்டுக்கிட்டு கைல பந்தோட ஓடுற அமெரிக்க ஆட்டத்தை.

இந்த மாதிரி டீம் ஏன் வருஷா வருஷம் தோக்குதுன்னு கேட்டா, வெளிலேந்து பாக்கறவங்க எல்லாரும் சொல்றது ஒண்ணு தான், காசு இல்ல, நல்ல ப்ளேயர் வரல, அதனால தோக்கறாங்கன்னு. முதல் வருஷம் நானும் அதைத்தான் நம்பினேன். ஆனா அந்த ரூம்ல உக்காந்து பாத்தப்புறம் எனக்கு பட்டது வேற, இந்த மாதிரி டீமுங்க எதையுமே முடிக்கறதுக்குள்ள திரும்ப முதல்லேந்து ஆரம்பிக்கறாங்க, அதுலயே பாதி உசுரு போயிடுது.

என்கிட்ட படிச்ச ஒரு பையனை சொல்றேன். டைட் எண்ட்ங்கற பொசிஷன், முன்வரிசைல நின்னு மோதவும் செய்யணும், பந்தை பிடிக்கவும் செய்யணும், ஆளு கதவு மாதிரி இருப்பான், பேச்சு மட்டும் ரொம்ப மெதுவா வரும். 2012ல சேரும்போது அவன்கிட்ட வெள்ளை இண்டெக்ஸ் கார்டு ஒரு கட்டு இருந்துச்சு, ஒவ்வொரு கார்டுலயும் ஒரு ப்ளே, யார் எங்க நிக்கணும் எந்தப்பக்கம் ஓடணும்னு பென்சில்ல படம் போட்டு, பின்னாடி அந்த ப்ளேவோட பேரு. அந்த நவம்பர்ல கோச்சை தூக்கிட்டாங்க. புது கோச் வந்தாரு, கார்டு மஞ்சளாச்சு. அவரோட ஆஃபென்ஸ்ல, அதாவது பந்து நம்ம கைல இருக்கும்போது ஆடற ஆட்டத்துல, பந்தை பிடிக்கற நாலு ரிசீவரை அகலமா நிறுத்தி பந்தை எறியறது தான் எல்லாம், டைட் எண்ட்டுக்கு அதுல இடமே இல்ல, இவன் எந்த வேலைக்காக ஸ்காலர்ஷிப் குடுத்து கூட்டிட்டு வரப்பட்டானோ அந்த வேலையே அங்க இல்லாம போச்சு. ரெண்டு சீசன் கழிச்சு அந்த ஆட்டத்தை வகுக்கற உதவி கோச், ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டரை மட்டும் மாத்தினாங்க, கார்டு பச்சை ஆச்சு. ஒருநாள் ராத்திரி ஸ்டாண்டர்ட் டீவியேஷன் போட்டுட்டு இருக்கும்போது பென்சிலை கீழ வச்சுட்டு சொன்னான், "இதே ஓட்டத்துக்கு இது மூணாவது பேரு, கேம்ல சத்தம் கேக்கும்போது எனக்கு பழைய பேரு தான் முதல்ல ஞாபகம் வருது, அது வந்து போறதுக்குள்ள பந்து போயிடுது."

அந்த அரை செகண்டை ஸ்டேடியத்துல உக்காந்திருக்கறவங்க பாத்தா, இந்தப் பையன் மந்தம்னு தான் சொல்லுவாங்க.

இன்னொண்ணு, இது வேலைல இருந்தா தான் தெரியும். கோச்சை நவம்பர் கடைசில தூக்குவாங்க, புது ஆள் டிசம்பர்ல வருவாரு, அப்பல்லாம் ஹைஸ்கூல் பசங்க எந்த காலேஜுக்கு ஆடப்போறோம்னு கையெழுத்து போடற நாள் பிப்ரவரி முதல் வாரம். நடுவுல இருக்கற சில வாரத்துல அவரு பழைய கோச்சை நம்பி வரேன்னு சொன்ன பசங்கள்ல பாதிப்பேரை இழந்துட்டு, மத்த காலேஜ் எடுக்காம விட்ட பசங்களை வச்சு அந்த இடத்தை ரொப்புவாரு. அந்த வருஷம் ஒண்ணும் தெரியாது. மூணு நாலு வருஷம் கழிச்சு அந்த செட் சீனியரா நிக்க வேண்டிய நேரத்துல தான் ஓட்டை தெரியும், அதுலயும் முன்வரிசைல மோதுற ஆஃபென்ஸிவ் லைன் பசங்க ஜிம்ல மூணு வருஷம் உடம்பை ஏத்தினா தான் ஆளா நிப்பாங்க, அந்த இடம் காலியா இருந்தா பின்னாடி நின்னு பந்தை எறியற க்வார்ட்டர்பேக் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் தரைல தான் கிடப்பான். உடனே டீம் தோக்கும், கோச்சை தூக்குவாங்க, திரும்ப டிசம்பர், திரும்ப அதே ஓட்டை.

படிப்புலயும் அது இறங்கும். காலேஜ் ஸ்போர்ட்ஸை நடத்தற என்சிஏஏல ஏபிஆர்னு ஒரு கணக்கு இருக்கு, ஸ்காலர்ஷிப்ல இருக்கற ஒவ்வொரு பையனுக்கும் ஒரு செமஸ்டருக்கு ரெண்டு பாயிண்ட், படிப்புல தகுதியோட இருந்தா ஒண்ணு, காலேஜை விட்டு போகாம இருந்தா ஒண்ணு. மொத்தம் ஆயிரத்துக்கு 930க்கு கீழ போனா சீசன் முடிஞ்சு நடக்கற போட்டிங்களுக்கே போக முடியாது. கோச் போனா பசங்க போவாங்க, பாயிண்டும் போகும், எங்க ரூம்ல பதட்டம் ஏறும், அதுவரைக்கும் எட்டிக்கூட பாக்காத ஆஃபீசர்ங்க எல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து அந்தப் பையன் குவிஸ்ல எவ்வளவுன்னு கேப்பாங்க. புது கோச் வந்ததும் செவுத்துக்கு பெயிண்ட் அடிச்சு புது வாசகம் எழுதுவாங்க, ட்யூட்டர் ஷெட்யூலும் மாறும். ஒரு செமஸ்டர் பூரா ஒரு பையனோட கணக்கு பயத்தை போக்கி கொண்டு வந்திருப்போம், ஆளை மாத்திடுவாங்க, எனக்கு இன்னிக்கும் அது வலிக்கும்.

இப்ப நான் இருக்கறது நியூ ஜெர்சில எடிசன். பக்கத்து ஊர் பிஸ்கட்டவேல தான் ரட்கர்ஸ் யூனிவர்சிட்டியோட ஸ்டேடியம், நம்மாளுங்க வீட்டு பிள்ளைங்க நிறைய பேர் படிக்கற காலேஜ். அவங்க கதையை எடுத்து பாத்தா நான் வேலை பாத்த இடத்தையே திரும்ப பாக்கற மாதிரி இருக்கும். 1869ல நடந்த முதல் காலேஜ் ஃபுட்பால் ஆட்டமே ரட்கர்ஸுக்கும் ப்ரின்ஸ்டனுக்கும் தான், 6-4ன்னு ரட்கர்ஸ் ஜெயிச்சுது. 2014ல பிக் டென் கான்ஃபரன்ஸ்ல சேர்ந்தாங்க, நியூயார்க் பக்கத்து டிவி மார்க்கெட் வேணும்னு தான் கான்ஃபரன்ஸ் இவங்களை எடுத்துச்சு. 2014லேந்து 2018 வரைக்கும் அஞ்சு சீசன், ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டர் அஞ்சு பேரு. ஃப்ரீட்ஜென், மெக்டேனியல்ஸ், மெஹ்ரிங்கர், ஜெர்ரி கில், மெக்நல்டி. இதை முதல் தடவை எண்ணிப் பாத்தப்ப எனக்கு அந்தப் பையனோட கார்டுங்க தான் கண்ணுல வந்துச்சு, அங்க படிச்சவன் அஞ்சு கலர் வச்சிருக்கணும்.

2016 அக்டோபர்ல சொந்த ஊர்லயே மிச்சிகன் கிட்ட 78-0ன்னு தோத்தாங்க. எதிர் டீம்ல ஆடின ஜப்ரில் பெப்பர்ஸும் ரஷான் கேரியும் நியூ ஜெர்சி பசங்க, ரெண்டு பேரும் பராமஸ் கத்தோலிக் ஸ்கூல். பசங்க இங்க தான் பொறந்து வளர்றாங்க, ஆனா வருஷா வருஷம் தேறாத டீமை நம்பி எந்த அம்மா அப்பா தன் பிள்ளையை அனுப்புவாங்க, என் பிள்ளையா இருந்தா நானே யோசிப்பேன்.

காசு விஷயமும் உண்மை தான், இல்லன்னு சொல்லல. பழைய மெம்பர்ஸுக்கு வருஷத்துக்கு 50 மில்லியன் டாலருக்கு மேல பங்கு வந்த காலத்துல புதுசா சேர்ந்த ரட்கர்ஸுக்கு அதுல சின்ன பங்கு தான், முழுப்பங்குக்கு வருஷக்கணக்கா காத்திருந்தாங்க. ஒரு லட்சம் பேர் உக்கார்ற மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட், பென் ஸ்டேட் கூட சுமார் 52 ஆயிரம் பேர் உக்கார்ற ஸ்டேடியத்தை வச்சுக்கிட்டு மோதணும். ஆனா காசு லேட்டா வந்தா சமாளிக்கலாம், வந்த காசை போன கோச்சோட மீதி காண்ட்ராக்டுக்கும் புது கோச்சோட பெயிண்டுக்கும் குடுத்துட்டு நின்னா எப்படி சமாளிக்கறது?

நான் இதை இவ்வளவு அடிச்சு சொல்றதுக்கு காரணம் அதே ரட்கர்ஸ்ல இருக்கற மல்யுத்த டீம். அதே கான்ஃபரன்ஸ், அதே காம்பஸ். கோச் ஸ்காட் குடேல் 2007லேந்து இருக்காரு. 2019ல நிக் சுரியானோவும் ஆண்டனி ஆஷ்னால்ட்டும் தேசிய சாம்பியன் ஆனாங்க, அந்த காலேஜுக்கு மல்யுத்தத்துல முதல் பட்டங்க அது தான். நியூ ஜெர்சி ஹைஸ்கூல் மல்யுத்தமே பலமானதுங்கறதும் உண்மை, ஆனா அந்த பசங்களை வீட்டு பக்கத்துலயே நிறுத்தி வைக்க அதே முகம் வருஷா வருஷம் கதவுல நிக்கணும். பாஸ்கெட்பால்லயும் 2016ல வந்த கோச் பைக்கியல் அஞ்சாவது சீசன்ல, 2021ல, 30 வருஷத்துக்கு அப்புறம் டீமை என்சிஏஏ டோர்னமெண்டுக்கு கொண்டு போனாரு. அதே கோச்சுக்கு 2024-25 சீசன்ல டிலன் ஹார்ப்பரும் ஏஸ் பெய்லியும் கிடைச்சாங்க, ப்ரொஃபெஷனல் டீமுங்க ஆள் எடுக்கற அடுத்த என்பிஏ ட்ராஃப்ட்ல ரெண்டாவதும் அஞ்சாவதுமா போன பசங்க, ஆனா டீம் 15 ஜெயிச்சு 17 தோத்துச்சு, ரெண்டு பேரும் ஒரே வருஷத்துல கிளம்பியாச்சு. ப்ளேயர்ஸே வருஷா வருஷம் புதுசுன்னா அதுவும் முதல்லேந்து ஆரம்பிக்கறது தான்.

ஃபுட்பால்ல 2020க்கு பழைய கோச் ஷியானோவையே எட்டு வருஷ காண்ட்ராக்ட்ல திரும்ப கூட்டிட்டு வந்தாங்க. முதல் கேம்லயே மிச்சிகன் ஸ்டேட்டை ஜெயிச்சு வரிசையா வந்த 21 கான்ஃபரன்ஸ் தோல்விக்கு முற்றுப்புள்ளி வச்சாங்க, 2023ல 7 ஜெயிச்சு 6 தோத்து முடிச்சாங்க. பெரிய ரெக்கார்டு இல்ல, ஆனா அங்க இருக்கற டைட் எண்ட் பையன் பழைய பேரை மறக்க வேண்டிய அவசியம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும்னு நினைச்சப்ப எனக்கு உண்மையிலேயே சந்தோஷமா இருந்துச்சு.

என்கிட்ட படிச்ச அந்த கார்டு பையன் 2016ல டிகிரி வாங்கிட்டான், ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல பி. கடைசி நாள் வந்து வெள்ளை கட்டையும் மஞ்சள் கட்டையும் என் மேஜைக்கு கீழ இருந்த குப்பைக்கூடைல போட்டான், பச்சையை பாக்கெட்ல வச்சுக்கிட்டான். அடுத்த வருஷம் அவன் ஊர் ஹைஸ்கூல்ல கோச்சா சேர்ந்தான், வருஷத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவான். 2024ல பேசினப்ப ப்ளேபுக் எப்படி போகுதுன்னு கேட்டேன்.

"எட்டாவது வருஷம்," னான், "ஒரு பேரும் மாத்தல."