கவிழ்ந்த சீட்டுகளின் மேல் ஒரு நடை

இந்தக் கோடை விடுமுறையில் செட்டிநாட்டில் எங்கள் கானாடுகாத்தான் வீட்டில் பதினைந்து நாள் தங்கியிருந்தேன். ஆச்சியும் தன் மகனோடு வந்திருந்தார். அக்காவை ஆச்சி என்பதும், தாய்மாமனை அம்மான் என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். வெயில் ஏறிய பிறகு வெளியே போக வழியில்லாத பகல்களில், வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றிய வளவில் தூணோரமாகக் குளிர்ந்து கிடக்கும் ஆத்தங்குடித் தரைக் கல்லின் மேல் நானும் அவனும் படுத்துக்கொண்டு ஒரே ஒரு வீடியோ விளையாட்டைத்தான் ஆடினோம். ‘வாய்ஸ் ஆஃப் கார்ட்ஸ்: தி ஐல் டிராகன் ரோர்ஸ்’ என்பது அதன் பெயர்.

2021 அக்டோபரில் ஜப்பானிய நிறுவனமான ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்ட ஆட்டம் இது. நியர் என்ற வீடியோ விளையாட்டுத் தொடரால் அறியப்பட்ட யோகோ டாரோ இதன் படைப்பு இயக்குநர்; இசை கெய்ச்சி ஒகாபே, பாத்திரங்களை வரைந்தவர் கிமிஹிகோ ஃபுஜிசாகா. கதை எளிமையானது. தீவில் டிராகன் விழித்துக்கொண்டது, அதை வீழ்த்துபவருக்குப் பரிசு என்று அரசி அறிவிக்கிறார், பரிசுக்கு ஆசைப்பட்ட ஓர் இளைஞன் கிளம்புகிறான். ஆனால் இந்த உலகத்தில் காடும் மலையும் கடையும் கடைக்காரரும் அரசியும் அரக்கனும் எல்லாமே சீட்டுகள். மேசை முழுக்கச் சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கின்றன. நம் காயை ஓர் அடி நகர்த்தினால் அக்கம்பக்கத்துச் சீட்டுகள் மெல்லப் புரண்டு, இங்கே புல்வெளி, அங்கே பாறை, அதற்கு அப்பால் ஒரு குகை வாசல் என்று தம்மைக் காட்டுகின்றன.

அந்தப் புரளல்தான் இந்த ஆட்டத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். பெரிய பெரிய முப்பரிமாண உலகங்களில் தொலைவில் இருக்கும் மலையை வந்த உடனேயே பார்த்துவிடுகிறோம். இங்கே ஒரு சீட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. ஒரு மூலையில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும் ஒரே ஒரு சீட்டைத் திறப்பதற்காக, போக வேண்டிய வழியை விட்டு நாங்கள் எத்தனையோ முறை சுற்றிப் போயிருக்கிறோம். பல முறை அங்கே வெறும் புல்தான் இருந்தது, ஆனாலும் அடுத்த முறை போகாமல் இருக்க முடிந்ததில்லை.

இன்னொரு சிறப்பு, குரல். பாத்திரங்கள் யாரும் தாமாகப் பேசுவதில்லை. மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவரைப் போல ஒரே ஒரு மனிதர், எல்லோருடைய பேச்சையும் நடப்பையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நாங்கள் கேட்டது ஆங்கிலக் குரல். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது முழுதாகப் புரியாததால், அவர் ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க, நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. முதல் இரண்டு நாளும் அது எனக்குப் பெரிய இன்பமாக இருந்தது. ஊர்த் தலைவருக்கு ஒரு குரல், சூனியக்காரிக்கு ஒரு குரல் என்று நான் கதை சொல்ல, பணியாரத் தட்டோடு வந்த அப்பத்தாவும் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். சண்டையின் நடுவே திரையில் பகடை உருளும் சத்தம் கேட்டதும் அவர்களுக்கு ஆர்வம் தாளவில்லை. சில தாக்குதல்களின் பலம் பகடையில் விழும் எண்ணைப் பொறுத்தது என்று விளக்கினேன். “உருட்டக் கையில கட்டையே இல்லாம இது என்ன தாயம் தம்பி?” என்றார்கள். பித்தளைத் தாயக்கட்டையை உள்ளங்கைகளுக்கு இடையே தேய்த்து உருட்டிப் பழகியவரின் கேள்வி அது. என்னிடம் பதில் இல்லை.

சண்டையின் அமைப்பு நன்றாகவே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மாணிக்கக் கல் ஒன்று சேரும். சாதாரணத் தாக்குதலுக்குச் செலவில்லை, வலிய வித்தைகளுக்குக் கற்களைக் கொடுக்க வேண்டும். இப்போதே செலவழிப்பதா, நம் அணியில் அடுத்து ஆடுபவரின் பெரிய அடிக்குச் சேர்த்துவைப்பதா என்று யோசிப்பதில் ருசி உண்டு. ஒருவர் நான்கு வித்தைச் சீட்டுகளை மட்டுமே ஏந்த முடியும் என்பதால், பாதி ஆட்டத்துக்கு மேல் அதே நான்கையே திரும்பத் திரும்ப ஆடுகிறோம் என்பது சிறிய குறை.

பெரிய குறை வேறு. நடந்துகொண்டிருக்கும்போதே, முன்னறிவிப்பு இல்லாமல், அரக்கர்கள் குறுக்கிடுகிறார்கள். நான்கு அடி வைப்பதற்குள் ஒன்று, அது முடிந்து ஆறு அடிக்குள் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் மேசை மாறி, சீட்டுகள் அடுக்கப்பட்டு, ஒரு சீட்டு முன்னால் நகர்ந்து மோதித் திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். அதிலும் பொறுக்க முடியாதது, ஏற்கெனவே திறந்து பார்த்துவிட்ட வழியில், பொருள் வாங்க ஊருக்குத் திரும்பும்போதும் இதே தொல்லை தொடர்வதுதான். கவிழ்ந்த சீட்டின் அடியிலிருந்து ஆபத்து வந்தால் அது நியாயம், அதற்காகத்தானே திறக்கிறோம்? திறந்து கிடக்கும் புல்வெளிச் சீட்டிலிருந்து ஐந்தாவது முறையாக அதே அரக்கன் எழுவதற்கு இந்த உலகத்தின் விதியிலேயே இடமில்லை.

தனியாக ஆடியிருந்தால் பழக்கத்தில் பொத்தானை அழுத்திக் கடந்திருப்பேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் இது உறைத்தது. மூன்றாம் நாள் பகலில் என் தொண்டை கட்டியது. “அப்போது அரக்கர்கள் எதிர்ப்பட்டார்கள்” என்ற வரியை நான் எத்தனையாவது முறையாகவோ தொடங்கியபோது, பிள்ளை எரிச்சலோடு, “இதைச் சொல்லாதீங்க அம்மான், சண்டை முடிஞ்சதும் கதையை மட்டும் சொல்லுங்க” என்றான். வேகத்தைக் கூட்டும் வசதி இருக்கிறது, போட்டும் பார்த்தோம். ஆனால் நிதானமாகக் கதை சொல்லும் மேசையில் சீட்டுகள் மட்டும் பரபரவென்று பறப்பது பொருந்தவில்லை. மெதுவாகப் போவதில் எனக்குக் குறையே இல்லை. கதை சொல்பவரை வாக்கியத்துக்கு நடுவே ஓயாமல் நிறுத்துவதுதான் குறை.

இவ்வளவுக்குப் பிறகும் நாங்கள் முடிவு வரை ஆடியதற்குக் காரணம் சீட்டுகளின் பின்பக்கம். ஊரில் ஒரு வரி பேசிவிட்டுப் போகிறவருக்கும், நாம் வெட்டி வீழ்த்திய அரக்கனுக்கும் தொகுப்பில் ஒரு சீட்டு உண்டு. உரிய நிபந்தனை நிறைவேறினால் அதைத் திருப்பி, அவர் யார், எப்படி இப்படி ஆனார் என்று படிக்கலாம். சில கதைகள் மனத்தைப் பிசைகின்றன. எங்கள் முகப்பில் மாட்டியிருக்கும் பழைய படங்களை வெள்ளையடிப்புக்காக இறக்கியபோது, ரங்கூனில் எடுத்த ஒரு படத்தின் பின்னால் பென்சிலால் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்துவிட்டு அப்பத்தா வெகுநேரம் பேசாமல் இருந்தது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், பிள்ளை பழைய சீட்டுக்கட்டு ஒன்றை எடுத்து, கல்லுக்கு ஒன்றாக வளவு நெடுகக் கவிழ்த்து வைத்திருந்தான். புளியங்கொட்டை அவன் காய். அப்பத்தா தாயக்கட்டையோடு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். படச் சீட்டு வந்தால் அரக்கன், தாயம் விழுந்தால்தான் அவனை வெல்லலாம். “திறந்த கல்லுல யாரும் வர மாட்டாங்க அம்மான், அது நம்ம இடம்” என்று எனக்கு விதியைச் சொல்லிவிட்டு, கதை சொல்ல என்னைக் கூப்பிட்டான்.