டி அலை எங்கே முடிகிறது?

நீந்திக்கொண்டிருந்த என் மகள் திடீரென மயங்கிவிட்டாள். கரைக்குத் தூக்கி வந்ததும் தானாகவே கண் விழித்தாள். களைப்பாக இருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இதய மருத்துவர் அதை ஏற்கவில்லை. ஓடும்போதோ நீந்தும்போதோ மயக்கம் வந்தால் ஈசிஜி பார்க்காமல் காரணம் சொல்லவே கூடாது என்றார்.

ஈசிஜி எடுத்த தாளை விரித்து எங்கள் எதிரிலேயே கட்டம் எண்ணினார். ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிவிநாடி. ஒவ்வொரு துடிப்பும் தாளில் கியூ, ஆர், டி என்று பெயரிட்ட அலைகளாகத் தெரியும். கியூ அலையின் தொடக்கத்திலிருந்து டி அலையின் முடிவு வரையுள்ள கியூடி இடைவெளி 11 கட்டம், அதாவது 440 மில்லிவிநாடி. அது மட்டும் என்றால் பயமில்லையாம். ஆனால் துடிப்பின் வேகத்துக்கேற்ப அதைத் திருத்த வேண்டும். அடுத்தடுத்த துடிப்புகளின் உயர்ந்த முனைகளான இரண்டு ஆர் முனைகளுக்கு நடுவே 20 கட்டம், 0.8 விநாடி; அதன் வர்க்கமூலத்தால் 440ஐ வகுத்தால் 492 வருகிறது. பெண்களுக்கு 460ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 500ஐத் தாண்டினால் ஆபத்து இன்னும் கூடும். கணக்கே போடாமலும் ஓரளவு தெரிந்தது: அவளுடைய டி அலை, இரண்டு ஆர் முனைகளின் நடுப்புள்ளியைத் தாண்டித்தான் முடிந்தது.

அதாவது, அவளுடைய இதயத்தின் கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராக அதிக நேரம் எடுக்கின்றன. அதற்குள் ஒரு துடிப்பு முந்திக்கொண்டால் தாறுமாறான வேகத் துடிப்பு தொடங்கலாம். தானாக நின்றால் மயக்கத்தோடு போகும், நிற்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதைக் கேட்டபோது என் கை நடுங்கியது.

அப்புறம் ரத்தத்தில் பொட்டாசியம், டிரெட்மில் சோதனை, மரபணுச் சோதனை என்று வரிசையாக நடந்தது. நீள் கியூடி நோய், முதல் வகை என்று உறுதியானது. உடல் உழைப்பு, அதிலும் நீச்சல், தூண்டிவிடும் வகை. இதயத் துடிப்பின் வேகத்தை அடக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை தொடங்கினார்கள். தனியாக நீந்தக் கூடாது, மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாந்திக்குக் கொடுக்கும் ஒன்டான்செட்ரான், தொற்றுக்குக் கொடுக்கும் அசித்ரோமைசின் போன்ற சாதாரண மருந்துகளே இந்தக் கியூடி இடைவெளியை இன்னும் நீட்டிவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும் மருந்துச் சீட்டு எழுதும் முன்பே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறோம். வாந்தி, வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் குறையும் என்பதால் அதையும் சாதாரணமாக விடுவதில்லை.

வீட்டில் எல்லோருக்கும் ஈசிஜி எடுத்தோம். மகனுடையது சரியாகவே இருந்தது. ஆனால் அதே மரபணு மாற்றம் அவனிடமும் இருந்தது. இப்போது அவனும் மாத்திரை சாப்பிடுகிறான்.