ட்ராகா ராணியும் துணி தேய்க்கிற ரூமும்

சின்ன வீடா இருந்தவங்க பட்டத்து ராணி ஆனா ஊர் சும்மா விடுமா? செர்பியா நாட்டு ட்ராகா கதைய படிச்சதுல இருந்து ரெண்டு நாளா மண்டைக்குள்ள அதுதான் ஓடிட்டிருக்கு.

ட்ராகா ஒரு விதவை. புருஷன் ஸ்வெத்தோசார் மாஷின், சுரங்க இஞ்சினியர், கல்யாணமாகி கொஞ்ச வருஷத்துலயே போய்ச் சேர்ந்துட்டார். அப்புறம் மகாராணி நத்தாலியாகிட்ட தோழியா வேலைக்குச் சேர்ந்தாங்க. அந்த மகாராணியோட பையன் அலெக்சாண்டர்தான் ராஜா, 1876ல பொறந்தவன், ட்ராகா அவன விட பத்துப் பன்னெண்டு வயசு மூத்தவங்க. பய விழுந்துட்டான்! அரண்மனைக்குப் பக்கத்துலயே வீடு பார்த்து வச்சுக்கிட்டான், அதுவரைக்கும் யாரும் பெருசா கண்டுக்கல, ராஜான்னா அப்படித்தான்னு விட்டுட்டாங்க.

1900ல அவளையே கட்டிக்கப்போறேன்னான் பாருங்க, அங்க ஆரம்பிச்சுது. ஜெர்மன் இளவரசியா பார்த்துட்டிருந்த அப்பா மிலான் ராணுவத் தளபதி பதவியை தூக்கிப் போட்டுட்டார், அமைச்சரவை ராஜினாமா, அம்மாவும் ஒத்துக்கல. ரஷ்ய ஜார் நிக்கோலாஸ் நான் மாப்பிள்ளைத் தோழனா இருக்கேன்னு சொன்னதும்தான் எல்லாரும் வாய மூடுனாங்க. ஆகஸ்ட் 5 கல்யாணம்.

கொஞ்ச நாள்ல ராணி முழுகாம இருக்காங்கன்னு ஊருக்கே அறிவிச்சாச்சு. பார்த்த டாக்டரும் ஆமான்னுட்டார். 1901ல ரஷ்யாவுல இருந்து டாக்டருங்க வந்து பார்த்துட்டு வயித்துல ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க. அவ்ளோதான், ஏமாத்துக்காரி, மலடி, எவ்ளோ பேச்சு. பொய் கர்ப்பம்னு ஒண்ணு நிஜமாவே வரும், வேணும்னே நடிச்சாங்கன்னு எனக்குத் தோணல, ஆனா அதை யாரு கேக்குறா. ட்ராகா தன் தம்பியவே அடுத்த வாரிசாக்கப் பாக்குறாங்கன்னு வேற கிளப்பி விட்டாங்க.

இத்தனைக்கும் ராஜா பண்ணுன கூத்து கொஞ்சமில்ல. 1903ல ஒரு நடுராத்திரி அரசியலமைப்பை நிறுத்தி வச்சு, வேண்டாத ஆளுங்கள பதவியில இருந்து தூக்கிட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்ப அமலுக்குக் கொண்டு வந்தான்! திட்டு மட்டும் ட்ராகாவுக்கு.

அந்த வருஷம் ஜூன் 11 விடியற்காலை ராணுவ ஆபீசருங்க டைனமைட் வச்சு கதவ உடைச்சு உள்ள வந்தாங்க. கரண்ட் போயிடுச்சு, மெழுகுவத்திய பிடிச்சுக்கிட்டு ரூம் ரூமா தேடுனாங்க. ராஜாவும் ராணியும் பெட்ரூமை ஒட்டி துணி தேய்க்கிற சின்ன ரூம்ல இருட்டுல ஒடுங்கி உக்காந்திருந்தாங்க, ரெண்டு மணி நேரம் கிட்ட. கண்டுபிடிச்சு சுட்டு, வாளால வெட்டி, ஜன்னல் வழியா தோட்டத்துல வீசிட்டாங்க. ட்ராகாவோட ரெண்டு தம்பிங்களையும் அதே ராத்திரி முடிச்சுட்டாங்க.

இந்த சதியில பெரிய கை அபிஸ்ங்கிற ட்ராகுட்டின் டிமிட்ரியெவிச், 1914ல ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டுக் கொன்ன சரயேவோ கொலைக்குப் பின்னாலயும் இதே ஆள்தான். ஆனா எனக்கு அவன விட இன்னொருத்தர்தான் உறுத்துது. சதிக்காரங்கள்ல கர்னல் அலெக்சாண்டர் மாஷின்னு ஒருத்தர். ட்ராகாவோட செத்துப்போன முதல் புருஷனோட கூடப்பிறந்தவர்.