குளோஸ்டரில் பேராயர் ஹூப்பர் நின்ற இடம்

குளோஸ்டர் ரயில் நிலையத்தில் இறங்கும்போதே தூறல். இந்த ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கதீட்ரலைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நானோ அதன் மேற்குப்பக்க மதிலுக்கு வெளியே, செயின்ட் மேரி வாசலுக்கு எதிரே இருக்கும் சதுக்கத்தைத் தேடி வந்தேன். 1555 பிப்ரவரி 9, சனிக்கிழமை, சந்தை நாள். அன்று அங்கேதான் பேராயர் ஜான் ஹூப்பரை உயிரோடு எரித்தார்கள். அவர் மேய்ப்பராக இருந்த ஊரே அது.

சதுக்கத்தின் நடுவில், கூர்மாடத்தின் கீழே, கையை உயர்த்திப் பிரசங்கிக்கிற கோலத்தில் அவருடைய கற்சிலை. அந்தக் கல்லில் செதுக்கிய அங்கியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாழ்க்கையின் முதல் பெரிய போராட்டமே அங்கியைப் பற்றியதுதானே.

ஹூப்பர் சூரிச்சில் சபைச் சீர்திருத்தத் தலைவரான புல்லிங்கரோடு பழகிப் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை உள்வாங்கியவர். 1549ல் இங்கிலாந்து திரும்பினார். மறு வருடம் லெந்து நாட்களில், அதாவது தவக்காலத்தில், எட்வர்ட் மன்னன் முன்னால் யோனாவின் புத்தகத்தை வைத்துப் பிரசங்கித்தார். குளோஸ்டர் பேராயர் பதவி தேடி வந்தது. வேண்டாம் என்றார். பதவிப் பிரமாணத்தில் புனிதர்கள் மேல் ஆணையிட வேண்டும், அபிஷேகத்துக்குப் பழைய குருத்துவ உடை உடுத்த வேண்டும். வேதத்தில் இல்லாததைச் சபையின் மேல் எப்படிச் சுமத்தலாம் என்பது அவர் கேள்வி. சிறுவனான மன்னன் பேனாவை எடுத்து, புனிதர்களைப் பற்றிய வார்த்தையைத் தானே அடித்துவிட்டான். உடை விஷயத்தில் மட்டும் கேன்டர்பரி தலைமைப் பேராயர் கிரான்மரும் லண்டன் பேராயர் ரிட்லியும் விட்டுக்கொடுக்கவில்லை. 1551 ஜனவரியில் ஹூப்பரை லண்டனின் ஃப்ளீட் சிறைக்கு அனுப்பினார்கள்.

சில வாரங்களில் அவர் இறங்கி வந்தார். அபிஷேகத்தின்போதும் மன்னன் முன் பிரசங்கிக்கும்போதும் உடுத்துகிறேன் என்று ஒத்துக்கொண்டு, சிவப்பு மேலங்கியும் வெள்ளை உள்ளங்கியும் அணிந்து நின்றார். சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்த எனக்குக் குருவானவரின் வெள்ளை அங்கி ஒரு கேள்வியாகவே தோன்றியதில்லை. ஒரு மனிதர் அதற்காகச் சிறையில் இருந்திருக்கிறார் என்று அறிந்தபோது சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. அவர் தோற்ற அந்த வழக்கை 1566ல் லண்டன் குருமார்கள் மறுபடி கையில் எடுத்தார்கள். அங்கி அணிய மறுத்து 37 பேர் பணியிடைநீக்கத்துக்கு ஆளானார்கள். ‘பியூரிட்டன்’ (தூய்மைவாதி) என்ற கேலிப்பெயர் புழக்கத்துக்கு வந்தது அந்தக் காலத்தில்தான்.

ஆனால் ஹூப்பரை அங்கியோடு முடித்துவிடக் கூடாது. பேராயரானதும் அவர் தன் மறைமாவட்டத்தில் 311 குருமார்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். பத்துக் கட்டளைகளைச் சொல்லத் தெரியாதவர்கள் பாதிப் பேருக்கு மேல். பத்துப் பேருக்குப் பரமண்டல ஜெபமே தெரியவில்லை! அப்புறம் வுஸ்டர் ஊரில் இருந்த பேராயர் அரண்மனையில் தினமும் ஏழைகளுக்குப் பந்தி போட்டார். சாப்பாட்டுக்கு முன் அவர்களிடமும் அதே கேள்விகள்: பரமண்டல ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள். அவர்கள் சாப்பிட்ட பிறகே தான் உட்காருவார். குருவுக்கும் பிச்சைக்காரருக்கும் ஒரே பாடம். அங்கி கூடாது என்று அவர் சொன்னதும் இதே மனசிலிருந்துதான் என்று எனக்குப் படுகிறது.

எட்வர்டுக்குப் பிறகு கத்தோலிக்கரான மேரி அரசியானதும் மறுபடி சிறை. கடைசியில் குளோஸ்டருக்கே கொண்டுவந்தார்கள். சாவதற்கு முந்தின நாள் பழைய நண்பர் சர் ஆன்டனி கிங்ஸ்டன் கண்ணீரோடு வந்து, உயிர் இனிது, சாவு கசப்பு, மனம் மாறுங்கள் என்று கெஞ்சினார். வரப்போகிற சாவு இதைவிடக் கசப்பு, வரப்போகிற ஜீவன் இதைவிட இனிப்பு என்றார் ஹூப்பர். தாமஸ் ட்ரௌரி என்கிற கண் தெரியாத பையனும் அவரைப் பார்க்க வந்தான். அவனிடமும் விசுவாசத்தைப் பற்றித்தான் விசாரித்தார். பதிலைக் கேட்டு அவர் கண் கலங்கியது. மறு வருடம் அந்தப் பையனையும் எரித்துவிட்டார்கள்.

அன்று விறகு பச்சை, காற்று வேறு. மூன்று முறை தீ மூட்ட வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம். ‘கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்’ என்பது அவர் கடைசி வார்த்தைகள். எதிரே வாசலுக்கு மேலிருந்த அறையில் குருமார்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அந்த வாசல் இன்றும் நிற்கிறது. மேலே இருக்கும் ஜன்னலை அண்ணாந்து பார்த்தேன். மழைத்தண்ணீர் கல் விளிம்பிலிருந்து சொட்டுச்சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

குடையை மடக்கினேன். சதுக்கத்தில் யாரும் இல்லை. பரமண்டல ஜெபத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொன்னேன். விசுவாசப் பிரமாணம் சொன்னேன். பத்துக் கட்டளைகளில் ஏழாவதுக்கு வந்தபோது தொண்டை அடைத்து நின்றுவிட்டது. முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.