பதிவேட்டில் விழுந்த ஒரு படி

பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு சிறு நகரத்து வானிலை நிலையத்தின் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்குத் தரப்பட்டது. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, வெப்பமானிகளை வெயில் படாமல் வைத்திருக்கும் ஸ்டீவன்சன் பெட்டியைத் திறந்து, யாரோ பார்த்துக் குறித்து வைத்த எண்கள் அவை. மழை நாளிலும் பண்டிகை நாளிலும் விடுபடாமல் எழுதப்பட்ட அந்தக் கையெழுத்துகளின் மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்றும் குறையவில்லை. ஆனால் குறைந்தபட்ச வெப்பநிலையின் மாதச் சராசரிகளை வரைந்து பார்த்தபோது, கோடு ஓரிடத்தில் ஏறக்குறைய ஒரு டிகிரி சட்டென்று இறங்கி, பின்பு அந்த மட்டத்திலிருந்தே தொடர்ந்தது.

மேலதிகாரியிடம் காட்டினேன். "இதைப் பெரிதாக்கினால், வெப்பமாதலே பொய் என்று பேசுகிறவர்களுக்கு வசதியாகப் போய்விடும்" என்றார். அவருடைய கவலை புரிந்தது, ஒப்புக்கொள்ள முடியவில்லை. பழைய கோப்புகளைப் புரட்டியதில், அந்த ஆண்டில்தான் கருவிகள் கடைத்தெருவை ஒட்டிய, வெப்பம் தேங்கும் வளாகத்திலிருந்து ஊருக்கு வெளியே திறந்தவெளிக்கு மாற்றப்பட்டிருந்தன என்று தெரிந்தது. அந்த இறக்கத்தைச் சரிசெய்தபோது, அவ்வூரின் வெப்ப உயர்வு மறையவில்லை. அதுவரை இறக்கத்துக்குள் ஒளிந்திருந்த உயர்வு தெளிவாகத் தெரிந்தது. கேட்காமல் விட்டிருந்தால் உண்மைதான் மறைந்திருக்கும்.

இதற்கு நெருங்கிய ஐயத்தை உலக அளவில் எழுப்பியவர், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர். நகரங்களின் வெப்பமும், தகாத இடங்களில் வைக்கப்பட்ட வெப்பமானிகளும் கணக்கை உயர்த்திக் காட்டுகின்றனவோ என்று ஐயுற்ற அவர், 2010-இல் பெர்க்லி எர்த் என்ற ஆய்வைத் தொடங்கி, 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகளைப் புதிதாகக் கணக்கிட்டார். பணம் தந்தவர்களில், பருவநிலைக் கொள்கைகளை எதிர்ப்பவராக அறியப்பட்ட சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் ஒன்று. 2012-இல் வந்த முடிவோ வேறாக இருந்தது: 250 ஆண்டுகளில் நிலப்பரப்பின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 1.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது, அந்த உயர்வில் நகர வெப்பத்தின் பங்கு மிகச் சிறியது, காரணம் ஏறத்தாழ முழுவதும் மனிதர்களே. தான் கருத்தை மாற்றிக்கொண்டதாக முல்லர் வெளிப்படையாக எழுதினார். விடை தனக்கு எதிராக வந்தாலும் ஏற்பேன் என்று கேட்பவரையே நான் ஐயவாதி என்பேன். விடை வந்த பின்னும் அதே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பவருக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

கேள்வியை மதித்து, வரும் விடையை ஏற்கும் இந்தக் கடமை, வெப்பமாதலை எச்சரிக்கும் மறுபக்கத்துக்கும் உண்டு. இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று, பருவநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா.வின் அறிவியல் குழுவான ஐபிசிசி 2007-ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதியது. 2009-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முன்னாள் அதிகாரி வி.கே. ரெய்னா, பனியாறுகள் அப்படி அசாதாரண வேகத்தில் பின்வாங்குவதாகக் கள அளவீடுகள் காட்டவில்லை என்று எழுதியபோது, அவருடைய கட்டுரை ஏளனத்தோடு ஒதுக்கப்பட்டது. 2010 ஜனவரியில் ஐபிசிசி அந்த வரிக்குப் போதிய ஆதாரமில்லை என்று வருத்தம் தெரிவித்தது. பனியாறுகள் உருகுவது உண்மை. அந்த ஆண்டுக்கணக்குதான் பிழை. அந்தக் கேள்வியை முதலிலேயே மதித்திருந்தால், ஒரு பிழையைக் காட்டி முழு அறிவியலையும் பழிக்க யாருக்கும் இவ்வளவு எளிதில் வாய்த்திருக்காது என்று இன்றும் வருந்துகிறேன்.

சில மாதங்களுக்குப் பிறகு, இடமாற்றக் குறிப்பைத் தரவுகளோடு இணைப்பதற்கு என் மேலதிகாரியே கையெழுத்திட்டார். அதற்குப் பிறகு எந்த நிலையத்தின் பதிவேடு கைக்கு வந்தாலும், எண்களுக்கு முன் கருவிகள் எங்கே, எப்போது மாற்றப்பட்டன என்று எழுதிய பக்கத்தையே தேடுகிறேன்.