செவரன்ஸ் 2: கதவுக்கு எந்தப் பக்கம் நீங்க?

(கடைசி எபிசோட் பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திக்கோங்க.)

'செவரன்ஸ்' அமெரிக்க சீரிஸ். லூமன்ங்கிற கம்பெனி, ஊழியர்களோட மூளையில ஆபரேஷன் பண்ணி ஆபீஸ் நினைவையும் வெளி நினைவையும் தனியாப் பிரிச்சுடும். ஒரே உடம்புல உள்ளே ஒருத்தன், வெளியே ஒருத்தன்; ஒருத்தன் வாழ்க்கை இன்னொருத்தனுக்குத் தெரியாது. 2022-ல முதல் சீசன் முடிஞ்சப்போ "ஐயோ, அடுத்து என்ன?"ன்னுதான் எல்லாரும் தவிச்சோம். 2025 மார்ச்ல வந்த இரண்டாம் சீசன் முடிவுக்கு அப்படியில்ல, ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு சண்டை. ஜெம்மா கட்சி, ஹெலி கட்சி.

ஹீரோ மார்க், செத்துட்டதா நம்பின மனைவி ஜெம்மாவை லூமன்ல இருந்து மீட்டு, வெளியே போற கதவு வரைக்கும் கூட்டிட்டு வந்து, அவளை மட்டும் தாண்ட விட்டுட்டு, உள்ளே கூட வேலை பார்க்கிற காதலி ஹெலியோட ஓடிடுறான். கதவுக்கு அந்தப் பக்கம் ஜெம்மா கதறுறா. ஜெம்மாவா வர்ற டிச்சென் லாக்மன் நடிப்பைப் பார்த்தா கல்நெஞ்சும் கரையும். "துரோகி"ன்னு திட்டுறவங்களைக் குறை சொல்ல முடியல.

ஆனா நான் ஹெலி கட்சிதான். ஓடுறது உள்ளே இருக்கிற மார்க். ஜெம்மா அவனுக்கு மனைவியே இல்ல. அந்தக் கதவைத் தாண்டினா அவன் கதை முடிஞ்சது. கேமராவுல பதிவு பண்ணி ரெண்டு மார்க்கும் மாத்தி மாத்திப் பேசிக்கிற காட்சியிலேயே இது தெரிஞ்சுடுச்சு. வெளி மார்க் நைச்சியமா ஆரம்பிக்கிறான், ஹெலி பேரைக்கூடச் சரியாச் சொல்லத் தெரியல. முதலாளி தொழிலாளிகிட்ட "நாமெல்லாம் ஒரே குடும்பம்"ங்கிற அதே தொனி! எவன் நம்புவான்?

லூமன் மேனேஜர் மில்சிக் பேண்ட் வாத்தியத்தோட ஆடினது தேவையான்னு கேட்கிறவங்ககிட்ட எனக்குப் பேச்சே இல்ல.

நீங்க எந்தக் கட்சி?