பழைய மதர்போர்டில் புதிய பிராசஸர்
2017-இல் வாங்கிய பி350 மதர்போர்டிலிருந்த ரைசன் 5 1600 பிராசஸரை எடுத்துவிட்டு, ரைசன் 7 5700எக்ஸ் பொருத்தினேன். 6 கோர்கள் 8 ஆயின. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 16 எம்பியிலிருந்து 32 எம்பியானது. இரண்டுமே 65 வாட் வகை என்பதால் போர்டுக்குப் பெரிய கூடுதல் சுமையும் இல்லை.

கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளான பயாஸ் பழையதாக இருந்தால் புதிய பிராசஸரை அடையாளம் காணாது என்பதால், பழைய பிராசஸர் சாக்கெட்டில் (அது பொருந்தும் இடத்தில்) இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். என்னைக் கவலைப்படுத்தியது பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரைக் கழற்றும் வேலைதான். இந்தப் போர்டின் சாக்கெட்டான ஏஎம்4 வகையில் 1331 பின்களும் பிராசஸரின் அடிப்பக்கத்திலேயே இருப்பதால், பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே வெப்பம் கடத்தப் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து இறுகிய நிலையில் கூலரை நேராக இழுத்தால் பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடும். ஆகவே கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் அணைத்து, மின்இணைப்பைத் துண்டித்தபின் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகியே எடுத்தேன். மூலையிலுள்ள சிறு தங்கநிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்தி வைத்ததும், அழுத்தம் எதுவுமின்றிப் புதிய பிராசஸர் தானாகவே உள்ளே இறங்கி அமர்ந்தது.